பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்' 2016 மார்ச்சில் வெளிவந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சூப்பர் ஹீரோ படங்கள் வந்தன, பார்த்தோம், மறந்துவிட்டோம். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் சண்டை ஓயவில்லை. வார இறுதியில் பினாங்கில் எங்கள் வீட்டுக்குப் படம் பார்க்க வரும் அக்காள் பிள்ளைகள், பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்யும் இளையவர்கள், இரவுக் காட்சி முடிந்து மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்காருபவர்கள் என்று யாரிடம் பேச்சு எழுந்தாலும் அதே ஐயங்கள்தாம். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றினேன். கதையின் முடிவு வரை இங்கே வெளிப்பட்டுவிடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அக்கா, இந்தப் படம் எதைப் பற்றியது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முந்தைய படத்தின் முடிவில் சூப்பர்மேனும் அவனுடைய கோளிலிருந்து வந்த ஜெனரல் ஸாடும் மோதி, மெட்ரோபொலிஸ் நகரத்தில் பெரும் பகுதியை இடித்துத் தள்ளியிருந்தார்கள். உலகம் சூப்பர்மேனைக் கும்பிடத் தொடங்குகிறது. எதிர்க்கரையில் இருக்கும் கோத்தம் நகரத்துப் பணக்காரர் புரூஸ் வேய்னுக்கு, அதாவது பேட்மேனுக்கு, அவன் யாருக்கும் கட்டுப்படாத ஆபத்தாகத் தெரிகிறான். லெக்ஸ் லூதர் என்ற தொழிலதிபர் இருவரையும் மோதவிடுகிறான். பிறகு அவனே உருவாக்கிய டூம்ஸ்டே என்ற அரக்கனை எதிர்க்க இருவரும் வொண்டர் வுமனோடு கைகோக்கிறார்கள். அரக்கனும் சாகிறான், சூப்பர்மேனும் சாகிறான்.

முதலில் 'மேன் ஆஃப் ஸ்டீல்' பார்த்தாக வேண்டுமா?

ஆம். 2013இல் வந்த அந்தப் படத்தையும் இயக்கியவர் ஸாக் ஸ்னைடர்தான். அதன் கடைசி அரைமணி நேரத்தைப் பார்க்காதவர்களுக்கு இந்தப் படத்தின் முதல் பத்து நிமிடம் வெறும் புழுதியாகத்தான் தெரியும்.

நல்ல வசூல் என்கிறார்கள், தோல்வி என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

இரண்டுமே. உலகம் முழுவதும் சுமார் 870 மில்லியன் டாலர் வசூலித்தது. தயாரிப்புச் செலவு ஏறக்குறைய 250 மில்லியன். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வெற்றி. ஆனால் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 166 மில்லியன் ஈட்டிய படம், இரண்டாவது வார இறுதியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு சரிந்தது. முதல் மூன்று நாளில் ஓடி வந்தவர்கள் வெளியே போய் நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அதன் பொருள். விமர்சகர்களில் படத்தை ஏற்றுக்கொண்டவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை.

பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் வுமன் மூவரும் ஒரே படத்தில் வரும்போது தயாரிப்பாளர்கள் ஆயிரம் மில்லியனைத் தாண்டும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதே ஆண்டு வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' அந்த எல்லையைத் தாண்டியது. 'தோல்வி' என்ற பெயர் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

திரையரங்கில் வந்தது ஒன்று, நீளமானது ஒன்று என்று இரண்டு இருக்கின்றனவாமே. எதைப் பார்ப்பது?

நீளமானதை. யோசிக்கவே வேண்டாம். திரையரங்கில் ஓடியது இரண்டரை மணி நேரம். பின்னர் வீட்டில் பார்ப்பதற்காக வெளியிட்ட 'அல்டிமேட் எடிஷன்' மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டுகிறது. கூடுதலாக வரும் அரைமணி நேரத்தில் பெரிய சண்டை எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் காரணங்கள். எடுத்துக்காட்டாக, ஆப்பிரிக்காவில் நடக்கும் தொடக்கக் காட்சி. திரையரங்கப் பதிப்பில் கூலிப்படையினர் துப்பாக்கியால் சுடுகிறார்கள், பழி சூப்பர்மேன் மீது விழுகிறது. கண்ணால் சுட்டெரிக்கத் தெரிந்தவன் எதற்குத் துப்பாக்கியைத் தூக்கப்போகிறான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும். நீளமான பதிப்பில் கூலிப்படையினர் பிணங்களைத் தீயிட்டுக் கருக்குவதைக் காட்டுகிறார்கள். சாட்சி சொல்ல வந்த பெண் லூதரின் ஆட்களுடைய மிரட்டலுக்கு அஞ்சிப் பொய் சொன்னதும் அதில்தான் தெரிய வருகிறது. செய்தியாளர் கிளார்க் கென்ட் என்ற பெயரில் வாழும் சூப்பர்மேன் கோத்தமுக்குப் போய், பேட்மேனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தாரிடம் விசாரிப்பதும் அதில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் அவனுக்கு ஏன் பேட்மேன் மீது அத்தனை வெறுப்பு என்பது விளங்கும்.

வெட்டு ஒரு படத்தை எப்படி மாற்றும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 2016இல் வந்த 'கபாலி'யின் முடிவைத் தமிழ்நாட்டில் ஒரு விதமாகவும் மலேசியாவில் வேறு விதமாகவும் பார்த்தோம். இங்கே கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்தில் ஒரு வரி போட்டார்கள். ஒரே வரிதான், நாயகனின் விதி மாறிவிட்டது. ஸ்னைடர் படத்தில் காணாமற்போனது அரைமணி நேரம்.

"காட்சிகள் அழகு" என்று மட்டும் சொல்லாமல், படத்தில் உண்மையிலேயே எது நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தொடக்கம். முந்தைய படத்தில் வானத்திலிருந்து பார்த்த அதே அழிவை இதில் தரையிலிருந்து பார்க்கிறோம். புரூஸ் வேய்ன் காரை ஓட்டிக்கொண்டு, பிறகு இறங்கி, புழுதிக்குள் ஓடுகிறார். மேலே இரண்டு புள்ளிகளாக அந்த இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். அவருடைய நிறுவனக் கட்டடம் கண்ணெதிரே சரிகிறது. ஓர் ஊழியர் இரண்டு கால்களையும் இழக்கிறார். தாயைத் தேடும் ஒரு சிறுமியைப் புரூஸ் அணைத்துக்கொண்டு வானத்தை நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் மீதிப் படம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சூப்பர் ஹீரோ படங்களில் கட்டடம் இடிவதைப் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்துப் பழகிய நமக்கு, உள்ளே இருந்தவர்கள் யார் என்று இந்தப் படம் கேட்கிறது. நான் இந்தப் படத்தை விட்டுக்கொடுக்காததற்கு முதல் காரணம் இந்தக் கேள்விதான்.

(அதே காட்சியில், நகரமே இடிந்துகொண்டிருக்கும்போது முதலாளி தொலைபேசியில் சொல்லும் வரை ஊழியர்கள் யாரும் கட்டடத்தை விட்டு இறங்குவதில்லை. பலர் இதைக் கேலி செய்கிறார்கள். கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங் கோபுரம் ஒன்றில் வேலை செய்யும் என் தோழி மட்டும், "அது ஒன்றுதான் படத்தில் அப்பட்டமான உண்மை" என்றாள்.)

அடுத்தது, அந்தக் கேள்வியைப் படம் அரசியலாகவும் கேட்பது. எல்லையற்ற வலிமை உள்ளவனை யார் கணக்குக் கேட்பது? நல்லவன்தான், இன்றைக்கு. நாளைக்கு? அவன் எதிரியாக மாற நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அதை உறுதியென்றே கொள்ள வேண்டும் என்கிறார் புரூஸ். 2001க்குப் பிறகு அமெரிக்கா போருக்குப் போனது இதே தர்க்கத்தோடுதான். படம் அந்த அச்சத்தைப் புரிந்துகொள்கிறது, அதன் பைத்தியக்காரத்தனத்தையும் காட்டுகிறது. செனட் விசாரணை மண்டபத்தில் குண்டு வெடிக்கும் இடம் வரை கதை ஒரே கயிற்றில் இழுபடுகிறது. நம் படங்களைப்போல இடைவேளை போட்டிருந்தால் அங்கேதான் போட்டிருப்பார்கள். அதுவரை பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் நல்ல படம் பார்த்த நினைவோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பென் அஃப்லெக்கைப் போட்டதற்கு முதலில் எல்லாரும் திட்டினார்களே?

திட்டியவர்களில் பலர் படம் வந்த பிறகு அவரைத்தான் பாராட்டினார்கள். இருபது ஆண்டுகளாக ஊரைக் காத்து, களைத்து, கசந்துபோன மனிதராக வருகிறார். ஜெரமி ஐயன்ஸ் நடித்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட்டுடன் அவர் பேசும் காட்சிகள் தனிப்படமாகவே ஓடியிருக்கும். கிடங்குக்குள் நடக்கும் சண்டையை, பேட்மேனின் சண்டைகளிலேயே சிறந்தது என்று படத்தை வெறுப்பவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு அம்மாக்களுக்கும் பெயர் ஒன்று என்றதும் சண்டை முடிந்துவிடுமா? தியேட்டரே சிரித்தது அக்கா.

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. பேட்மேன் ஈட்டியை ஓங்கி நிற்கிறான். கீழே கிடக்கும் சூப்பர்மேன் 'மார்த்தாவைக் காப்பாற்று' என்கிறான். மார்த்தா சூப்பர்மேனை வளர்த்த தாயின் பெயர்; அவளை லூதர் கடத்தி வைத்திருக்கிறான். பேட்மேனைப் பெற்ற தாயின் பெயரும் அதுவே. அவன் உறைந்து நிற்கிறான். சூப்பர்மேனின் காதலி லோயிஸ் ஓடி வந்து விளக்குகிறாள். ஈட்டி தூரப் போகிறது.

எண்ணம் சரியானது. புரூஸின் தந்தை சாகும்போது கடைசியாக உச்சரித்த பெயர் அது. படத்தின் முதல் நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறார்கள். தாயின் கல்லறை அவனுடைய கெட்ட கனவிலும் வருகிறது. வேற்றுக்கோள் பிராணி என்று தான் நினைத்தவனுக்கும் காப்பாற்ற ஒரு தாய் இருக்கிறாள், தன் பெற்றோரைச் சுட்டவனின் இடத்தில் இப்போது தானே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கிறது. பெயர் ஒற்றுமை அதைத் தட்டி எழுப்பும் சாக்கு மட்டுமே. இதைப் புரிந்துகொள்ளாமல் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. பாரதத்தில் குந்தி கர்ணனிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். எதிரிகள் தம்பிகள் என்று தெரிந்த பிறகும் கர்ணன் வில்லைக் கீழே வைப்பதில்லை. அருச்சுனனைத் தவிர மற்றவர்களைக் கொல்லமாட்டேன், உனக்கு ஐந்து பிள்ளைகள் மிஞ்சுவார்கள் என்று வாக்குக் கொடுத்து அனுப்புகிறான். தாய் வந்ததால் போர் நிற்கவில்லை. அது கர்ணனுக்கு இன்னும் கனத்துப்போனது. அந்தக் கனம் இந்தப் படத்தில் இல்லை. இரண்டு ஆண்டு வெறுப்பு இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடுகிறது. சற்று நேரத்தில் பேட்மேன் மார்த்தாவை மீட்டு, 'உங்கள் மகனின் நண்பன்' என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். தாய் என்றால் உருகத் தயாராக இருக்கும் நம் கூட்டத்தையே சிரிக்கவைத்தார்கள் என்றால் அவசரம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

நம் நாயகர்கள் ஒரு படத்தில் ஐம்பது பேரைச் சாய்க்கிறார்கள். பேட்மேன் கொன்றால் மட்டும் ஏன் இத்தனை கூச்சல்?

சித்திரக்கதைகளில் பேட்மேன் பெரும்பாலும் 'கொல்வதில்லை' என்ற விரதத்தோடு வருபவன். அந்த விரதம்தான் அவனையும் அவன் பிடிக்கும் குற்றவாளிகளையும் பிரிக்கும் கோடு. ஆனாலும் திரையில் அவன் கொல்வது இது முதல்முறை அன்று. 1989இல் வந்த படத்திலேயே கொன்றான்.

ஸ்னைடர் அவனை வழிதவறியவனாகத்தான் காட்டுகிறார், ஆல்ஃப்ரெட்டின் வாயாலும் அதைச் சொல்கிறார். அதுவரை சரி. ஆனால் மனம் மாறிய பிறகு மார்த்தாவை மீட்கப் போகும் கிடங்குச் சண்டையிலும் ஆட்கள் சாகிறார்கள், படம் அதை ரசித்துக் காட்டுகிறது. திருந்தியவனின் கை எங்கே மாறியது? இதற்கு நீளமான பதிப்பிலும் விடை இல்லை.

லெக்ஸ் லூதர் வில்லனா, கோமாளியா?

ஜெஸ்ஸி ஐசன்பெர்க்கின் நடிப்பு எனக்கு ஒட்டவில்லை. பேச்சும் நெளிவும் அவன் பயங்கரமானவன் என்பதை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன, பயம் வரவில்லை. அவனுடைய தத்துவம் வலுவானது: கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் நல்லவராக இருக்க முடியாது, நல்லவர் என்றால் எல்லாம் வல்லவராக இருக்க முடியாது. தந்தையிடம் அடிவாங்கி வளர்ந்தவன் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த வசனத்தை ஓர் அமைதியான நடிகர் பேசியிருந்தால் மண்டபம் குளிர்ந்திருக்கும்.

பாலைவனக் கனவு எதற்கு? ஆங்கிலமும் புரியவில்லை, கீழே ஓடிய மலாய் வரிகளைப் படித்தும் புரியவில்லை.

மொழியில் குறை இல்லை, உங்களிடமும் இல்லை. அது இந்தப் படத்தின் கதையே அன்று. சூப்பர்மேன் கொடுங்கோலனாக மாறிய ஓர் எதிர்காலத்தைப் புரூஸ் காண்கிறார். உடனே இன்னொருவன் காலத்தைக் கிழித்துக்கொண்டு வந்து எச்சரித்துவிட்டுப் போகிறான். அவன் பிளாஷ் என்ற இன்னொரு சூப்பர் ஹீரோ. இவை அடுத்தடுத்து வரவிருந்த படங்களுக்கான முன்பணம். அவற்றில் சில எடுக்கப்படவே இல்லை. முன்பணம் கொடுத்தவர்கள் நாம்.

வொண்டர் வுமன் வந்த இடம் நன்றாக இருந்ததே. அதையும் குறை சொல்வீர்களா?

மாட்டேன். 1941இல் சித்திரக்கதையில் பிறந்தவள் திரையரங்குப் படத்தில் நடிகையின் உருவில் வருவது இதுவே முதல்முறை. கால் கடோட் கேடயத்தோடு நிற்க, ஹான்ஸ் ஸிம்மரும் ஜன்கி எக்ஸ்எல்லும் அமைத்த இசையில் மின்செல்லோ உறுமுகிறது. நான் பார்த்த காட்சியில் கைதட்டல் எழுந்த ஒரே இடம் அதுதான்.

குறை அதற்கு முன்னால் இருக்கிறது. இரண்டு நாயகர்களும் மோதப் புறப்பட்ட நேரத்தில் அவள் மின்னஞ்சலைத் திறந்து, பிளாஷ், அக்குவாமேன், சைபோர்க் மூவரின் காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். சாமி புறப்பாட்டை நிறுத்திவைத்து அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு நன்கொடைச் சீட்டு விற்பதுபோல் இருந்தது. ஓர் அணியை அறிமுகப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் கதையின் கழுத்தைப் பிடித்தது இங்கேதான். மேலே சொன்ன கனவும் இதே நோய்தான்.

சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் கல்லால் ஆன ஈட்டியை வொண்டர் வுமனிடம் கொடுத்திருக்கலாமே? அது பட்டால் சாகக்கூடிய சூப்பர்மேன் எதற்காகத் தானே தூக்கிக்கொண்டு போனான்?

கொடுத்திருக்கலாம். அவளுக்கு அந்தக் கல்லால் எந்தத் தீங்கும் இல்லை. அந்த நொடியில் அவள் டூம்ஸ்டேயைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று வாதிடுகிறார்கள். அவள் கயிற்றை இவனிடம் கொடுத்துவிட்டு ஈட்டியை வாங்கிக்கொண்டிருக்கலாம். உண்மைக் காரணம் வேறு: அவனை அவநம்பிக்கையோடு பார்த்த உலகத்துக்காக அவன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று திரைக்கதை முன்பே முடிவு செய்துவிட்டது. சண்டைக்காட்சியின் தர்க்கத்தை அதற்கு ஏற்றபடி வளைத்தார்கள்.

லோயிஸ் எங்கே ஆபத்தில் இருந்தாலும் பறந்து வருகிறான். வளர்த்த தாயின் குரல் மட்டும் கேட்காதா?

படம் விளக்குவதில்லை. அவன் காதும் கண்ணும் கதைக்குத் தேவைப்படும்போது வேலை செய்கின்றன, தேவைப்படாதபோது ஓய்வெடுக்கின்றன.

இதோடு சேர்ந்த ஒன்று சுவையானது. செனட் மண்டபத்தில் சக்கர நாற்காலிக்குள் இருந்த குண்டை அவன் ஏன் பார்க்கவில்லை? திரையரங்கப் பதிப்பில், தான் தேடிப் பார்க்காததால்தான் தெரியவில்லையோ என்று லோயிஸிடம் குமுறுகிறான். நீளமான பதிப்பில் நாற்காலிக்கு ஈயம் பூசியிருந்தார்கள், அவன் பார்வை ஈயத்தை ஊடுருவாது என்று விளக்கம் வருகிறது. தர்க்கம் சரியாகிவிட்டது, ஆனால் அவனுடைய குற்ற உணர்வின் கூர் மழுங்கிவிட்டது. நீளமான பதிப்பில் நான் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே சேர்க்கை இது.

அதே ஆண்டு வந்த 'சிவில் வார்' மேலா, இது மேலா?

கதை சொல்லும் திறமையில் 'சிவில் வார்'. அயர்ன் மேனை 2008இலிருந்தும் கேப்டன் அமெரிக்காவை 2011இலிருந்தும் நமக்குத் தெரியும். பழகியவர்கள் சண்டையிட்டால் வலிக்கும். அதிலும் கடைசிச் சண்டைக்குக் காரணம் ஒரு தாய்தான்: தன் தாயைக் கொன்றவன் யார் என்று அயர்ன் மேனுக்குத் தெரிய வருகிறது, பிறகு யார் சொல்லியும் கேட்கும் நிலையில் அவன் இல்லை. மார்த்தாவைப் பற்றி மேலே சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் தாய் சண்டையை மூட்டுகிறாள், மற்றொன்றில் அணைக்கிறாள். நம்ப எளிது முதலாவது.

ஆனால் எதை மறுபடி நினைக்கிறேன் என்று கேட்டால், இதைத்தான். விமான நிலையத்தில் அத்தனை பேர் மோதியும் அந்தச் சண்டை விளையாட்டாகவே நினைவில் நிற்கிறது. இடிந்த கட்டடத்தின் முன்னால் நின்ற சிறுமியை மறக்க முடியவில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

நீளமான பதிப்பை வேண்டாம். அமெரிக்காவில் அதற்குப் பெரியவர்களுக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். திரையரங்கப் பதிப்பைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் பயப்படுவதற்கு முன்பே தூங்கிவிடுகிறார்கள்.

சித்தி, சூப்பர்மேன் ஏன் இந்தப் படத்தில் சிரிக்கவே மாட்டேன் என்கிறான்?

எங்கள் வீட்டுச் சின்னவன் கேட்டது. பெரியவர்கள் இதுவரை கேட்ட எல்லாவற்றையும் விட நல்ல கேள்வி. தொலைக்காட்சியில் அறிஞர்கள் அவனைப் பற்றி விவாதிக்கிறார்கள், செனட் விவாதிக்கிறது, புரூஸ் சபிக்கிறார், லெக்ஸ் தத்துவம் பேசுகிறான். அவன் மட்டும் வாயைத் திறப்பதில்லை. படம் அவனைப் பற்றிப் பேசுகிறது, அவனைப் பேசவிடுவதில்லை. செனட் மண்டபத்துக்கு வந்து அவன் பேசப்போகிறான் என்று காத்திருக்கும்போது குண்டு வெடிக்கிறது. ஹென்றி கேவில் நல்ல நடிகர். அவரிடம் கொடுத்ததெல்லாம் சுருங்கிய புருவம்.

எனவே அவன் சாகும்போது நமக்கு அழ முடியவில்லை. பேட்மேனை அறிந்துகொண்ட அளவுக்கு அவனை அறிந்துகொள்ளவில்லை. மார்த்தா காட்சியின் அவசரம், மின்னஞ்சல் காணொளிகள், பாலைவனம் ஆகிய மூன்றையும் மன்னித்துவிடலாம். அந்த நிமிடங்களையெல்லாம் இவனுக்குக் கொடுத்து, தன்னைக் கும்பிடுபவர்களைப் பற்றி இவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு முறை சொல்லவிட்டிருந்தால் படம் வேறாக இருந்திருக்கும்.

இதற்கு அடுத்தது 'ஜஸ்டிஸ் லீக்'. அதிலும் இரண்டு இருக்கின்றனவே, எது?

2021இல் வந்த ஸ்னைடரின் பதிப்பு. தயாரிப்பின்போது தம் மகளை இழந்த ஸ்னைடர் 2017 மே மாதம் விலகினார். ஜோஸ் வீடன் பல காட்சிகளை மறுபடி எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிக் கொடுத்தார். மறுபடி எடுக்கும்போது கேவில் வேறு ஒரு படத்துக்காக மீசை வைத்திருந்தார். அதைக் கணினியில் அழித்ததில் சூப்பர்மேனின் மேலுதடு வேறு யாருடையதோபோல் ஆகிவிட்டது. வசூல் சுமார் 660 மில்லியன், முந்தையதைவிடக் குறைவு.

ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டதால் வந்த ஸ்னைடரின் பதிப்பு நான்கு மணி நேரம் ஓடுகிறது. படம் திரை முழுவதும் பரவாமல் பழைய தொலைக்காட்சியைப்போல் சதுரமாகத் தெரியும். உங்கள் பெட்டியில் கோளாறு இல்லை. அத்தியாயங்களாகப் பிரித்திருப்பதால் இரண்டு இரவுகளில் பார்க்கலாம். 2017 பதிப்பில் ஓரமாக நின்ற சைபோர்க் இதில் கதையின் நடுவில் இருக்கிறான், அவனுடைய தந்தையும் அவனும் வரும் பகுதிதான் படத்தின் உயிர். சூப்பர்மேன் இதிலும் அதிகம் பேசுவதில்லை.